சின்னவளின் தொடையெலும்பு

போன வருடம் ஐப்பசி மழைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து, தங்கச்சியின் மகளைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வலது முழங்காலை மடக்கி, பாதம் கூரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களை இடுப்பின் பக்கத்தில் வைத்தேன். தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கமாக ஒரு புடைப்பு உண்டு. நீங்களும் எழுந்து நின்று, இடுப்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, காலை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பாருங்கள், தோலுக்குக் கீழே அது உருளுவது தெரியும். பிள்ளையின் கணுக்காலை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் சாய்த்துக்கொண்டு போனேன். கணுக்கால் வெளியே சாயச் சாயத் தொடை உள்நோக்கித் திரும்பும். அந்தப் புடைப்பு விரலுக்கு மிக நன்றாகத் துருத்திக்கொண்டு வந்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டேன். தங்கச்சி கோணமானியை வைத்து வாசித்தாள்.

"நாப்பத்தஞ்சு, அண்ணா."

இன்னொரு தரம் எடுத்தோம். 44. இடது காலில் 40. சின்னவள் "கூசுது மாமா" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒரு இயன்மருத்துவர். மட்டக்களப்பு மாவட்டத்தில் பன்னிரண்டு வருடமாக இதே வேலை. பக்கவாதம் வந்தவர்கள், தென்னையில் இருந்து விழுந்தவர்கள், மிதிவெடியில் கால் போய்ச் செயற்கைக் காலோடு வாழ்பவர்கள், பெருமூளை வாதத்தோடு பிறந்த பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் என் கைக்குள் வந்து போயிருக்கிறார்கள். நான் பாயில் வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றும் புதிதல்ல. படிக்கிற காலத்தில் சொல்லித் தந்ததுதான், இரண்டு நிமிட வேலை. அதைச் சொந்த மருமகளின் காலில் செய்து பார்க்க எனக்கு ஐந்து வருடம் எடுத்தது.

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். இன்கியூபேட்டருக்குள் கிடந்த அந்த நாட்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றரை வயதில் காலில் விறைப்பு இருப்பது தெரிந்தது, மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வரும் பெருமூளை வாதம். நாலு வயதில், எல்லாரும் கைவிட்ட நேரத்தில், மதிலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இன்றைக்குத் தனியாகக் கடைக்குப் போய் வருகிறாள். ஆனால் நடை எப்படியென்றால், இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று உரசும், பாதம் இரண்டும் உள்ளே பார்க்கும். இருக்கும்போது இரண்டு காலையும் பின்னுக்கு மடக்கி இரு பக்கமும் விரித்துக்கொண்டு, நடுவில் தரையில் குந்துவாள். அப்படி இருக்கக் கூடாது என்று நான்தான் வீட்டில் சட்டம் போட்டேன். "நேரா நட புள்ள", "கால வெளிய திருப்பு", "சப்பணம் கட்டி இரு". அம்மா சொன்னாள், தங்கச்சி சொன்னாள், வகுப்பு ரீச்சரும் சொன்னார். எல்லோருக்கும் சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான். சின்னவள் ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு அடி காலை நேராக்கி நடப்பாள். அந்தப் பத்து அடியில் இடுப்பு இரண்டு பக்கமும் தோணி மாதிரி ஆடும். அப்புறம் களைத்துப்போய்ப் பழைய நடைக்குத் திரும்புவாள். அதைப் பழக்கதோஷம் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் ஓரிடத்தில் காட்டியபோது, உட்தொடையிலும் பின்தொடையிலும் உள்ள தசைகள்தான் காலை உள்ளே இழுத்துத் திருப்புகின்றன, அவற்றை வெட்டி நீட்டிவிட்டால் நடை நேராகும் என்று சொன்னார்கள். பரிசோதனை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை அந்த அறைக்குள் நடந்ததே நாலு அடிதான். தங்கச்சி என்னிடம் வந்து, "செய்யலாமா அண்ணா?" என்று கேட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் சொந்தப் பிள்ளை என்பதால் ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரம்தான் எலும்பையும் தசையையும் கணினிக்குள் கட்டிப் பார்க்கும் துறைக்குள் நான் முதன்முதலாகக் காலை வைத்தது. ஒரு வாரம் எட்டு மாதமானது.

முதலில் அந்த 45 என்ன என்று சொல்லிவிடுகிறேன். தொடையெலும்பை நாங்கள் ஒரு நேரான தடி என்று நினைக்கிறோம். உண்மையில் அது, ஈரத்துணியைப் பிழியும்போது இரண்டு கையும் எதிரெதிராகத் திருகுமே, அந்த மாதிரிக் கொஞ்சம் முறுக்கிய எலும்பு. கீழே முழங்கால் நேராக முன்னே பார்த்தால், மேலே இடுப்புக் கிண்ணத்துக்குள் போகிற எலும்புக் கழுத்து சற்று முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிறக்கும்போது அந்தச் சாய்வு சுமார் 40 பாகை. பிள்ளை தவழ்ந்து, நின்று, ஓடி, தசைகள் எலும்பை இழுத்து இழுத்து, அது வருடக்கணக்கில் மெல்ல அவிழ்கிறது. வளர்ந்த ஆளுக்கு 15 பாகை அளவில் வந்து நிற்கும். எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். சின்னவளைப் போன்ற பிள்ளைகளில் தசையின் இழுவை வேறு, நடக்கத் தொடங்கும் வயதும் பிந்தியது. அதனால் முறுக்கு அவிழ்வதில்லை. ஒன்பது வயதில் 25-க்குக் கிட்ட வந்திருக்க வேண்டியது அவளுக்குப் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

சரி, முறுக்கு இருந்தால் என்ன? இதை விளங்கிக்கொள்ள வீட்டுக் கதவு ஒன்று போதும். கைபிடியில் விரலை வைத்துத் தள்ளினால் கதவு திறக்கும். பிணைச்சலுக்குப் பக்கத்தில் விரலை வைத்து அதே அளவு தள்ளுங்கள், அசையாது. பௌதிகவியலில் திருப்பம் என்று படித்தோமே, அதுதான். பிணைச்சலில் இருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பதே காரியம். உங்கள் இடுப்பின் பக்கத்தில் ஒரு தசை இருக்கிறது, இடுப்பெலும்பில் தொடங்கி, நான் விரல் வைத்துத் தேடினேனே, அந்தப் புடைப்பில் வந்து ஒட்டுகிறது. நாம் ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும், அதாவது நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும், மற்றப் பக்க இடுப்பு கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். இடுப்பு மூட்டு பிணைச்சல், அந்தப் புடைப்பு கைபிடி. சாதாரண ஆளுக்கே இந்தத் தூரம் சிறியது. அதனால் தசை உடல் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுவையெல்லாம் மூட்டின் மேல் சுமையாக இறங்குகிறது. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் என்ற ஆய்வாளரின் குழு, செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியை வைத்து, அதைப் பொருத்திக்கொண்டவர்களை நடக்கவிட்டு அளந்தது. 2001-இல் வெளியான அந்தக் கணக்கில், சும்மா நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விழுகிறது.

இப்போது கழுத்து 45 பாகை முன்னே சாய்ந்த ஒரு காலை எடுங்கள். பிள்ளை பாதத்தை நேராக வைத்தால், கழுத்து முன்னே பார்க்கிறது, புடைப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. பக்கவாட்டில் இருக்க வேண்டிய கைபிடி பிணைச்சலை நோக்கி நெருங்கிவிட்டது. அன்றிரவு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கழுத்தின் நீளம் 10 என்றால், 15 பாகைச் சாய்வில் பக்கவாட்டுத் தூரம் 9.7. 45 பாகையில் 7.1. எலும்பை மட்டும் பார்த்தே கால்வாசிக்கும் மேல் போய்விட்டது, அதுவும் ஏற்கனவே வலுக்குறைந்த தசையில். அப்படியானால் அந்தக் கைபிடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர என்ன வழி? தொடையை உள்நோக்கித் திருப்ப வேண்டும். புடைப்பு பக்கவாட்டுக்கு வந்துவிடும். பாயில் நான் அவள் காலைச் சாய்த்துக்கொண்டு போய், புடைப்பு நன்றாகத் துருத்தியதும் நிறுத்தினேனே, தசைக்கு நல்ல பிடி கிடைக்கும் இடம் அந்தப் பக்கம்தான். அவள் ஒவ்வொரு நாளும் நடப்பது அந்தப் பக்கம் திரும்பித்தான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அலிசன் ஆர்னல்டும் ஸ்கொட் டெல்பும் சக ஆய்வாளரும் 1997-இலேயே கணினி மாதிரியில் எலும்பை முறுக்கிக் காட்டி எழுதிவிட்டார்கள்: உள்ளே திரும்பிய நடை, எலும்பின் கோணலால் இழந்த வலுவை மீட்க உடல் கண்டுபிடித்த வழியாக இருக்கலாம் என்று. 2001-இல் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள். உட்தொடை, பின்தொடைத் தசைகள் காலை உள்ளே திருப்புகின்றன என்ற நம்பிக்கையைச் சோதித்தார்கள். எலும்பு முறுக்கியும், தொடை உள்ளே திரும்பியும், முழங்கால் மடங்கியும் இருக்கும் நிலையில் அந்தத் தசைகள் உள்ளே திருப்புவதற்கு அனேகமாக வலுவே இல்லாதவையாக, சிலவேளை வெளியே திருப்புகிறவையாகக்கூட மாறிவிடுகின்றன. எங்களிடம் வெட்டி நீட்டலாம் என்று சொன்னது இந்தத் தசைகளைத்தான். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வெளியான கட்டுரை. அதை ஆரையம்பதியில் இருந்து நான் வாசிக்க இருபது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது.

டெல்ப் பற்றி ஒரு வார்த்தை. 1990-இல் அவர் தன் குழுவோடு ஒரு காலைக் கணினிக்குள் கட்டினார், அந்த ஒரு காலில் தசைக் கயிறுகள் 43. எலும்பு மேல் எந்தப் புள்ளியில் தசை தொடங்குகிறது, எதைச் சுற்றிப் போகிறது, எங்கே ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்த மாதிரி அது. எலும்புச் சத்திரசிகிச்சையில் ஒரு தசைநாணை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்கினால் எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கின் அடி, உடலியல் ஆய்வாளர் ஏ. வி. ஹில் 1938-இல் தவளைத் தசையில் செய்த வேலை. பிறகு 2007-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓப்பன்சிம் என்ற மென்பொருளாக இதையெல்லாம் ஒன்றாக்கி இலவசமாக விட்டார்கள். இலவசம் என்பதால்தான் அது என் லப்டொப் வரை வந்தது. அதற்காக அவர்களுக்கு என் மனம் நிறைந்த நன்றி.

நான் செய்தது மிகச் சிறிய வேலை. நடையை அளக்கும் கூடம், உடம்பில் ஒட்டும் பளபளக்கும் குண்டுகள், அவற்றைப் பார்க்கும் கமராக்கள், தரையில் பதித்த விசைத்தட்டு, இது ஒன்றும் நான் வேலை செய்யும் இடத்தில் இல்லை. ஆனால் ஒரு தசைக்கு ஒரு மூட்டில் எவ்வளவு பிடி இருக்கிறது என்று பார்க்க நடையே தேவையில்லை. மாதிரியை நிற்க வைத்து, மூட்டைத் திருப்பித் திருப்பி, தசையின் பிடி எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடச் சொன்னால் ஓப்பன்சிம் போட்டுத் தரும். மார்கழியில் மழையும் கரன்ட் கட்டுமாக இருந்த இரவுகளில், கொயில் புகைக்குள் இருந்து அதைக் கற்றுக்கொண்டேன். முதல் வரைபடம் வந்தபோது இரவு ஒன்றரை மணி. சின்னவளின் உயரம், தொடை நீளம், எடை 23 கிலோ எல்லாம் கொடுத்து மாதிரியை அவள் அளவுக்குச் சுருக்கியிருந்தேன். வரைபடம் சொன்னது: நேராக நின்றாலே தசைக்கு நல்ல பிடி இருக்கிறது, உள்ளே திரும்ப வேண்டிய தேவையே இல்லை. அதாவது, நான் இத்தனை வருடம் சொன்னதுதான் சரி!

இங்கேதான் நான் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் விளங்கியது. அளவுக்குச் சுருக்குவது என்றால் நீளங்களைச் சுருக்குவது. கோணம் சுருங்காது. ஆறடி ஆளின் எலும்பில் 15 பாகை என்றால், அதை நாலடிக்குச் சுருக்கினாலும் 15 பாகையாகவே இருக்கும். அந்த மாதிரிக்குள் இருந்தது சின்னவளின் உயரத்துக்கு வெட்டப்பட்ட வேறு யாரோ ஒருவரின் எலும்பு. யாரோ என்றால், இன்னும் கிட்டப் பார்க்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் கால் மாதிரிகளில் தசை அளவுகளுக்கு ஆதாரமாக நிற்கும் பெரிய அளவீடு ஒன்று 2009-இல் வெளியானது. 21 பேரின் இறந்த உடல்களில் இருந்து ஒவ்வொரு தசையாக எடுத்து அளந்த அருமையான, பொறுமையான வேலை. அவர்களின் சராசரி வயது எண்பதைத் தாண்டும். அந்த உடல்களைத் தந்தவர்களை வணங்குகிறேன். ஆனால் எங்கேயோ எண்பது வயதுவரை வாழ்ந்து முடித்தவரின் கால், ஏழு மாதத்தில் பிறந்து விறைப்போடு வளரும் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் கால் ஆகிவிடாது. எலும்பையும் தசையையும் ஆளுக்கு ஆள் தனியாகக் கட்ட வேண்டும் என்று இந்தத் துறையில் அடித்துச் சொல்வதன் அர்த்தம் எனக்கு அந்த இரவில்தான் உறைத்தது. அப்பாவின் சேர்ட்டை வெட்டிச் சின்னதாக்கினால் பிள்ளைக்குப் போட்டுவிடலாம், ஆனால் பிள்ளையின் தோள் எப்படி இருக்கிறது என்று அந்தச் சேர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே எலும்பை எடுக்க வேண்டும். எங்கள் டொக்டர் ஒருவரிடம் பாயில் எடுத்த அளவையும் கலண்டர் தாளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வாங்கி மேசையில் வைத்து, முழுதாக வாசித்து, பிள்ளையைத் தானும் ஒருமுறை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, சீரீ ஸ்கானுக்கு எழுதித் தந்தார். கால் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கதிர்வீச்சு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடுப்பில் சில வெட்டுகள், முழங்காலில் சில வெட்டுகள் போதும். மேலே எலும்புக் கழுத்தின் நடுவால் ஒரு கோடு, கீழே முழங்காலின் பின்பக்கத்து இரண்டு குமிழ்களையும் தொட்டு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் முறுக்கு. வலது 47, இடது 41. கையால் எடுத்த அளவு இவ்வளவு கிட்ட வந்தது எனக்கு ஒரு நிம்மதி. நம்மிடம் ஸ்கான் இல்லாத இடத்திலும் விரல் இருக்கிறது.

முழு எலும்பையும் ஸ்கான் படங்களில் இருந்து ஒவ்வொரு வெட்டாகக் கோடிட்டு எடுத்துச் செய்தால் மணிக்கணக்கில் போகும், எங்களிடம் இருந்த சில வெட்டுகளால் அது முடியவும் முடியாது. ஆனால் பொது மாதிரியின் எலும்பை எடுத்து அதன் முறுக்கை மட்டும் அளந்த கோணத்துக்கு மாற்றி, தசை ஒட்டும் புள்ளிகளையும் கூடவே நகர்த்தித் தரும் கருவி ஒன்றை 2021-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி அதை ஓட்ட உதவினார். 47-ஐக் கொடுத்தோம். திரையில் தொடையெலும்பின் மேல்பாகம் மெல்லத் திரும்பி நின்றது. அதே தசை, அதே வரைபடம். முன்பு நேராக நிற்கும் இடத்தில் இருந்த மேடு அங்கே இல்லை. நேராக நிற்கும் இடம் சரிவாகிவிட்டது. மேடு உள்நோக்கித் திரும்பும் பக்கத்துக்கு நகர்ந்து போயிருந்தது.

தங்கச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடம் வாசிக்க அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, ஒரு மேடு இடம் மாறியிருப்பது யாருக்கும் தெரியும். நான் விளக்கி முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப, நாம இவ்வளவு நாளும் அவள ஏசினது?"

அதற்கு நான் என்ன சொல்ல? "நான்தான் சொல்லச் சொன்னது, நீ ஒண்டும் செய்யல்ல" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு முழுதும் எனக்கு மனம் சரியில்லை. அந்தப் பத்து அடி, இடுப்பு ஆட ஆட, எங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக அவள் நடந்த அந்தப் பத்து அடி என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

இதை வாசித்துவிட்டு உள்ளே திரும்பி நடக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்குக் கணுக்காலில் கோளாறு, சிலருக்குக் கீழ்க்கால் எலும்பில் முறுக்கு, சிலருக்கு மூளையில் இருந்து வரும் கட்டளையே குழம்பியிருக்கும். வேறு எந்த நோயும் இல்லாத சின்னப் பிள்ளைகள் உள்ளே பார்த்து நடந்தால் பெரும்பாலும் வளர வளரத் தானாகச் சரியாகிவிடும், அவர்களுக்கு ஸ்கானும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். என் மாதிரிக்குள்ளும் பெரிய ஓட்டை உண்டு. எலும்பின் முறுக்கு அவளுடையது, ஆனால் தசையின் வலு அவளுடையது அல்ல. விறைப்பு அதற்குள் இல்லவே இல்லை. முழு நடையையும் கணக்குப் போடும் மாதிரிகளில்கூட, எந்தத் தசை எவ்வளவு உழைக்கிறது என்பதை, உடல் முடிந்தளவு குறைந்த முயற்சியில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்ற எடுகோளை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் தசைகள் அப்படிப் பங்கிட்டுக்கொள்வதில்லை, இழுக்க வேண்டாத நேரத்திலும் சேர்ந்து இழுக்கும். ஆகவே இந்த வரைபடத்தைப் பார்த்துக் கத்தியை எடுக்கவும் கூடாது. நான் அதை டொக்டருக்கு ஒரு கேள்வியாகத்தான் கொடுத்தேன், பதிலாக அல்ல.

அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தசைகளை நீட்டும் யோசனையை இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தார். எலும்பை வெட்டி, முறுக்கை அவிழ்த்து, தகடு வைத்துப் பொருத்தும் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. மிகச் சின்ன வயதில் செய்தால் வளரும்போது முறுக்கு மறுபடி வரக்கூடும், அதனால் இன்னும் ஒரு வருடம் பார்த்து, நடையை முறையாக அளக்கக்கூடிய ஓரிடத்தில் அளந்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். அதுவரை என் வேலை அந்தப் பக்கத் தசையைப் பலப்படுத்துவது. ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துக் கால் தூக்குவது, கல்லடிக் கடற்கரையில் ஈர மணலில் பக்கவாட்டாக நடப்பது. பக்கவாட்டு நடை அவளுக்கு விளையாட்டு. நண்டு நடை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கிளினிக்கிலும் ஒன்று மாறியிருக்கிறது. 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையில் இருந்து பிள்ளைகளைக் கொண்டு வருவது லேசாகிவிட்டது, முன்பு ஓடத்துக்குக் காத்துக் கிடந்து வருவார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா, இடுப்பில் தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்த மகனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு வருவார். போன மாதம் வந்தபோது கதவடியிலேயே, "நேரா நட மகன், சேர் பாக்கிறார்" என்று அவனை அதட்டினார். அவன் உடனே காலை நேராக்கினான். இடுப்பு ஆடியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "விடுங்க அம்மா, அவர் எப்படி நடக்கிறாரோ அப்படியே வரட்டும்" என்று சொல்லி, கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, விரலை வைத்தேன். 38, 36. அட்டையில் முன்பெல்லாம் "உட்பக்கம் திரும்பி நடக்கிறார், நேராக நடக்கப் பழக்கவும்" என்று நான் எழுதிவந்த இடத்தில் இப்போது இந்த இரண்டு எண்களையும் எழுதுகிறேன். என் பழைய அட்டைகளில் அந்த வசனம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர். ஆறு பேரைத் திரும்ப வரச் சொல்லி அறிவித்தாயிற்று. மூன்று பேரின் வீடு மாறிவிட்டது, அயலவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னவளுக்கு அவளுடைய எலும்பைக் காட்டினேன். லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, மவுஸால் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கால்கள் இரண்டையும் பின்னுக்கு மடக்கி, அவள் வசதிப்படிதான் இருந்தாள்.

"மாமா, இது ஆர்ர எலும்பு?"

"முறுக்கு உன்ட. மற்றதெல்லாம் வேற ஆக்கள்ர."

"அவங்க எங்க?"

"மோசம் போயிட்டாங்க. டொக்டர்மார் படிக்கட்டும் எண்டு குடுத்துட்டுப் போனவங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எலும்பை மெல்லத் திருப்பி, முறுக்கு நன்றாகத் தெரியும் பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த இடம் மட்டும் நான்."